முதல் முறை கேரளம் போகிறீர்களா? டிக்கெட் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

கோலாலம்பூரிலிருந்து கொச்சிக்கு விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். காரில் ஜொகூர் பாரு போய்ச் சேரவும் அவ்வளவுதான் ஆகும். அந்தத் தைரியத்தில்தான் 2024 ஜூன் மாதம் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பாதி தமிழ், வாழையிலைச் சாப்பாடு, தென்னை மரம். இதற்குப் போய் என்ன முன்னேற்பாடு என்று நினைத்தேன். ஏழு நாளில் ஐந்து நாள் விடுதி ஜன்னலில் உட்கார்ந்து மழை பார்த்தோம். குருவாயூர் வாசலில் கால்சட்டையோடு நின்றேன். ஒரு ரயிலைத் தவறவிட்டேன். விசாவுக்குத் தேவையில்லாமல் காசு கொடுத்தேன்.

சென்ற டிசம்பரில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு மறுபடியும் போனோம். இந்த முறை எல்லாம் ஒழுங்காக நடந்தது, ஏறத்தாழ. இரண்டு பயணங்களிலும் கற்றதை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. முதலில் நாள்காட்டி, பிறகுதான் டிக்கெட்

விலையைப் பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஜூனில் எங்களுக்கு ஆளுக்குப் போகவர 480 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) டிக்கெட் கிடைத்தது. ஏன் இவ்வளவு மலிவு என்று நான் யோசித்திருக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் ஜூன் முதல் தேதியை ஒட்டித் தொடங்கும். இங்கே மாலையில் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்கிற மழை என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே விடியும்போதே பெய்துகொண்டிருக்கும், தூங்கப் போகும்போதும் பெய்துகொண்டிருக்கும். செப்டம்பர் வரைக்கும் இதே கதை. அக்டோபர், நவம்பரில் துலாவர்ஷம் என்கிற இரண்டாம் மழை, பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வரும். ஆயுர்வேத சிகிச்சைக்குப் போகிறவர்கள் வேண்டுமென்றே மழைக்காலத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் காலம். மார்ச், ஏப்ரலில் வெயில் மண்டையைப் பிளக்கும்.

டிசம்பரிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் ஆண்டிறுதி விடுமுறை, அவர்களுடைய கிறிஸ்துமஸ், வளைகுடாவிலிருந்து ஊர் திரும்புகிற மலையாளிகள், சபரிமலை சீசன் ஆகிய நான்கும் ஒன்றாக வந்து விழும். சென்ற டிசம்பரில் ஆளுக்கு 1,150 வெள்ளி கொடுத்தேன். மூன்று மாதம் முன்பே வாங்கியும் அந்த விலைதான். ஜனவரி இரண்டாம் பாதியில் போக முடிந்தால் போய்விடுங்கள்.

திருவிழாவுக்கென்றே போவதானால் தேதியைப் பஞ்சாங்கம்தான் சொல்லும். ஓணம் ஆவணித் திருவோணத்தில், ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் வரும். அந்த வாரம் பல கடைகளும் அலுவலகங்களும் மூடியிருக்கும். விஷு நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும். திருச்சூர் பூரம் ஏப்ரல் அல்லது மே மாதத்தில். யானைகளும், அவற்றின் மேல் வண்ணக் குடைகளை மாற்றி மாற்றிப் பிடிக்கும் குடைமாற்றமும் கண்கொள்ளாக் காட்சிதான், ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் வயதானவர்களையும் குழந்தைகளையும் கொண்டுபோகாதீர்கள். கேரளத்தின் வட பகுதியான வட மலபாரில், தெய்வ வேடமிட்டு ஆடும் தெய்யம் அக்டோபர் இறுதியில் தொடங்கி மே வரை நடக்கும்.

2. விசா: பெயர்தான் முதல் பொறி

மலேசியக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) இருந்தால் இணைய விசா போதும். குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனி விண்ணப்பம். தேவையானவை:

கடப்பிதழ்: இந்தியாவில் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். அதன் விவரப் பக்கத்தை பி.டி.எஃப். ஆக்கி வையுங்கள், 300 கே.பி.க்கு மேல் போனால் ஏற்காது.

புகைப்படம்: சதுரமாக, வெள்ளைப் பின்னணியில், முகம் முழுவதும் தெரியும்படி. கடப்பிதழுக்கு எடுத்த நீளவாக்குப் படம் உதவாது. புகைப்படக் கடையில் இந்திய விசா என்று சொன்னாலே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

விவரங்கள்: பெற்றோரின் பெயர், அவர்கள் பிறந்த இடம், உங்கள் உடலில் உள்ள அடையாளம், கடந்த பத்து ஆண்டுகளில் போன நாடுகள், இந்தியாவில் ஒருவர் அல்லது ஒரு விடுதியின் முகவரியும் தொலைபேசி எண்ணும். அம்மா பிறந்த இடத்துக்குத் தோட்டத்தின் பெயரைப் போடுவதா, பக்கத்து ஊரின் பெயரைப் போடுவதா என்று வீட்டில் ஒரு மாலை முழுவதும் வாக்குவாதம். கடப்பிதழிலும் பிறப்புச் சான்றிதழிலும் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள்.

இப்போது பெயருக்கு வருகிறேன். நம் பெயர்களுக்கு நடுவில், இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று காட்ட வருகிற 'ஏ/எல்', 'ஏ/பி' யில் இருக்கும் சாய்கோடு விண்ணப்பப் படிவத்துக்கும் ஆகாது, விமான டிக்கெட்டுக்கும் ஆகாது. சாய்கோட்டை எடுத்துவிட்டு, கடப்பிதழின் அடியில் இரண்டு வரி இயந்திர எழுத்து இருக்கிறதே, அதில் உள்ள வரிசைப்படி எழுதுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முதல் முறை நான் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டேன். டிக்கெட்டில் வேறு மாதிரி இருந்தது. விமான நிலைய முகப்பில் இருபது நிமிடம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை முழுப் பெயரையும் ஒரே கட்டத்தில் போட்டு, டிக்கெட்டையும் அதே வரிசையில் வாங்கினேன். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

இரண்டாவது பொறி, போலி அகப்பக்கங்கள். தேடினால் முதலில் வருகிற பல பக்கங்கள் இடைத்தரகர்களுடையவை. சின்னமும் வண்ணமும் அரசுப் பக்கம் போலவே இருக்கும். முதல் முறை அப்படி ஒன்றில் ஆளுக்கு 300 வெள்ளிக்கு மேல் கட்டினேன். வந்தது என்னவோ அதே விசாதான். முகவரி 'டாட் கவ் டாட் இன்' (.gov.in) என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். விசாக் கட்டணமும் சலுகைகளும் அவ்வப்போது மாறுகின்றன. விண்ணப்பிக்கும் அன்று அந்தப் பக்கத்திலேயே பாருங்கள். கட்டிய பணம் திரும்ப வராது.

மூன்றாவது, நாள் கணக்கு. முப்பது நாள் சுற்றுலா விசாவுக்குப் பயணத்துக்கு முந்தைய முப்பது நாளுக்குள்தான் விண்ணப்பிக்க முடியும். கடைசி நான்கு நாளுக்குள் போனால் பிந்திவிடும். எனவே மூன்று வாரம் முன்பு உட்காருங்கள். படிவம் பாதியில் நின்றுபோகும் பழக்கமுள்ளது. முதல் பக்கம் முடிந்ததும் தருகிற தற்காலிக எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒப்புதல் மின்னஞ்சல் வந்ததும் அச்சடித்து இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

2025 அக்டோபர் முதல் இணைய வருகை அட்டை ஒன்றும் சேர்ந்திருக்கிறது. இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். இது இலவசம், இதற்கும் காசு கேட்கிற பக்கங்கள் முளைத்திருக்கின்றன.

3. பணம், கைத்தொலைபேசி, ஒரு சின்ன பிளக்

இந்திய ரூபாயை வெளிநாட்டவர் இங்கிருந்து கொண்டுபோக அவர்கள் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. வெள்ளியாகக் கொண்டுபோய் அங்கே மாற்றுங்கள். விமான நிலையத்தில் வண்டிக்கு மட்டும் கொஞ்சம் மாற்றிவிட்டு, மீதியை ஊருக்குள் மாற்றினால் நல்ல விலை கிடைக்கும். நான் போனபோது ஒரு வெள்ளிக்கு இருபது ரூபாய் சொச்சம்.

அம்மா தன் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே ஐந்து இளஞ்சிவப்பு 2,000 ரூபாய் நோட்டுகள், மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது மிஞ்சியவை. அந்த நோட்டைத் திரும்பப் பெறுவதாக 2023 மே மாதம் அறிவித்துவிட்டார்கள், வங்கிகளில் மாற்றிக்கொள்ளும் தவணையும் அந்த அக்டோபரோடு முடிந்துவிட்டது. கடைக்காரர் கையில்கூட வாங்கவில்லை. உங்கள் வீட்டு அலமாரியிலும் இருக்கக்கூடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

தேநீர்க் கடை முதல் பூக்காரி வரை எல்லோரும் ஸ்கேன் அட்டை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெரும்பாலும் உள்ளூர் வங்கிக் கணக்கு வேண்டும் என்பதால் அதை நம்பிப் போகாதீர்கள். சில்லறை நோட்டுகள் கையில் இருக்கட்டும்.

சிம் கார்டு வாங்கக் கடப்பிதழ், விசாப் பிரதி, ஒரு புகைப்படம் கேட்பார்கள். கடையைப் பொறுத்து அன்றே வேலை செய்யும், அல்லது மறுநாள். அதற்காக மலேசிய எண்ணை அணைத்துவிடாதீர்கள். உங்கள் வங்கி அட்டைக்கு வருகிற ரகசிய எண் அதற்குத்தான் வரும். பிளக் விஷயம்: நம் மூன்று தட்டை முனை பிளக் அங்குள்ள வட்டத் துளையில் நுழையாது. இங்கேயே பத்து வெள்ளிக்குள் மாற்றி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

4. நெடும்பாசேரியில் (கொச்சி விமான நிலையத்தில்) இறங்கியதும்

கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னால் திருப்புங்கள். குடிநுழைவில் இணைய விசாவுக்குத் தனி வரிசை உண்டு. பொது வரிசையில் நின்று ஏமாறாதீர்கள். அங்கே கைரேகை எடுப்பார்கள். அம்மா முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். கட்டைவிரலில் ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கும். இயந்திரம் நான்கு முறை மறுத்தது. அதிகாரி பொறுமைசாலி, ஈரத்தாளால் விரலைத் துடைக்கச் சொல்லி, அழுத்திப் பிடித்து, ஐந்தாவது முறை பச்சை விளக்கு எரிந்தது. வயதானவர்களோடு போகிறவர்கள் ஒரு ஈரத்துணியும் கூடுதலாக அரை மணி நேரமும் கையில் வைத்திருங்கள்.

விமான நிலையம் நகரத்தில் இல்லை. ஃபோர்ட் கொச்சிக்குப் போக ஒன்றரை மணி நேரமாவது ஆகும். உள்ளேயே முன்பணம் கட்டும் டாக்ஸிச் சாவடி இருக்கிறது. பெட்டி குறைவாக இருந்தால் பஸ்ஸில் ஆலுவா போய் மெட்ரோ ஏறலாம்.

5. ஒரு வாரத்துக்குள் எவ்வளவு பார்க்கலாம்

கேரளம் ஒரு புடலங்காய் மாதிரி. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் 14 மாவட்டங்களும் 44 ஆறுகளும். அந்த ஆறுகளில் 41 மேற்கே ஓடிக் கடலில் விழுகின்றன. வடக்கு தெற்காகப் போகும்போது ஊருக்கு ஊர் பாலம், வீட்டுக்கு வீடு வாசல், சாலை முழுவதும் சந்தை. நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலைக் கணக்கை மறந்துவிடுங்கள். நூறு கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் போட்டால்தான் சரிவரும். மலைப்பாதை என்றால் இன்னும் கூட.

ஒரு வாரம் என்றால் கொச்சி, மூணாறு, ஆலப்புழை, அதோடு ஒரு கோயில். இவ்வளவுதான். திருவனந்தபுரத்தையும் கண்ணூரையும் சேர்த்து அட்டவணை போட்டுத் தருகிற சுற்றுலா முகவர்களிடம், எந்த நேரத்தில் தூங்குவது என்று கேளுங்கள்.

கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனை வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், 1568இல் கட்டிய யூதர் ஆலயம் சனிக்கிழமை மூடியிருக்கும். வார இறுதியில் இறங்குகிறவர்கள் இரண்டையும் கோட்டைவிடுவது வழக்கம். மாலையில் கதகளி பாருங்கள். நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே போனால் ஒப்பனை போடுவதை உட்கார்ந்து பார்க்கலாம். என் மகனுக்கு ஆட்டத்தைவிட அதுதான் பிடித்தது.

மூணாறு, கொச்சியிலிருந்து 130 கிலோமீட்டர். ஓட்டுநரோடு வண்டி எடுத்தோம், இரண்டு நாளுக்கு 8,000 ரூபாய். அங்கே காட்டெருமையும் வரையாடும் பார்க்க இரவிகுளம் தேசியப் பூங்காவை நம்பிப் போகிறவர்கள் கவனிக்க: வரையாடு குட்டி ஈனும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் வழக்கமாக மூடிவிடுவார்கள். நீலக்குறிஞ்சி கடைசியாக 2018இல் பூத்தது, அடுத்தது 2030.

மூணாற்றில் அம்மாவுக்கு வேறொரு வேலை இருந்தது. தேயிலைத் தோட்டங்களில் பெரும்பாலும் தமிழர்கள்தான். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்ற ஒரு பெண்மணி, தன் வீடு அந்த லயத்தில் என்று கையைக் காட்டினார். தோட்டத்து வரிசை வீடுகளுக்கு நாமும் சொல்கிற 'லயம்' என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா வண்டியை விட்டு இறங்கிவிட்டார். பிறகு சம்பளம், காலைப் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு, அட்டைக்கடி என்று முக்கால் மணி நேரம். ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்தேன்.

6. ரயில்: டிக்கெட்டில் உள்ள நிலையத்தின் முழுப் பெயரைப் படியுங்கள்

எர்ணாகுளத்துக்கு இரண்டு ரயில் நிலையங்கள். ஜங்ஷன் என்பதை உள்ளூர்க்காரர்கள் சவுத் என்பார்கள், டவுன் என்பதை நார்த் என்பார்கள். ஆட்டோவில் ஏறி ஸ்டேஷன் என்று மட்டும் சொன்னேன், சவுத்தில் இறக்கிவிட்டார். எங்கள் ரயில் நார்த்திலிருந்து. பெட்டிகளோடு அங்கே போய்ச் சேர்ந்தபோது ரயிலின் கடைசிப் பெட்டியைத்தான் பார்த்தோம். சில ரயில்கள் இரண்டில் ஒன்றில் மட்டுமே நிற்கும்.

முன்பதிவு பயணத்துக்கு 60 நாள் முன்பு திறக்கும். வெளிநாட்டு எண்ணைக் கொண்டு ரயில்வே கணக்குத் தொடங்க ஒரு சிறு கட்டணமும் சில மின்னஞ்சல்களும் ஆகும், இங்கிருந்தே முடித்துவிடுங்கள். காத்திருப்புப் பட்டியல் டிக்கெட்டை நம்பிக் குடும்பத்தோடு நடைமேடைக்குப் போகாதீர்கள். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை கோட்டயம், செங்ஙன்னூர் பக்கம் போகிற ரயில்கள் ஐயப்ப பக்தர்களால் நிறைந்துவிடும். மாலை போட்டுப் போகிறவர்கள் தரிசன முன்பதிவை முடித்துவிட்டே விமானம் ஏறுங்கள். குருசாமி பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட வேண்டாம்.

ஹர்த்தால் என்கிற முழு அடைப்புப் போராட்டம் ஒன்று உண்டு. அறிவித்துவிட்டால் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை பஸ்ஸும் கடையும் இருக்காது. திரும்பும் விமானத்துக்கு முதல் நாளே கொச்சிக்கு வந்துவிடுங்கள்.

7. கோயில்: வேட்டியும் நேரமும்

பத்துமலைக்குப் போவதுபோல் போய்விட முடியாது. குருவாயூரிலும் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலிலும் ஆண்கள் வேட்டி கட்டி, மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பெண்களுக்குச் சேலை கட்டிப் போவது எங்கும் பாதுகாப்பு. வெல்க்ரோ வைத்த வேட்டியை இங்கிருந்தே கொண்டுபோங்கள். வாசல் கடையில் அவசரத்துக்கு வாங்கியது இடுப்பில் நிற்கவில்லை, ஒரு கையால் பிடித்துக்கொண்டேதான் சாமி கும்பிட்டேன். கைத்தொலைபேசியும் உள்ளே ஆகாது. பாதுகாப்பு அறையில் கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும்.

குருவாயூரில் நடை அதிகாலை மூன்று மணிக்கே திறந்துவிடும். பெரும்பாலான கோயில்கள் உச்சிப் பொழுதில் சாத்தினால் மாலை நான்கு, ஐந்துக்குத்தான் திறக்கும். மதியம் போய்ச் சேருகிற மாதிரி வண்டி ஏறாதீர்கள்.

இன்னொன்று, முன்கூட்டியே தெரிந்திருந்தால் மனவருத்தம் வராது. இந்த இரண்டு கோயில்களிலும், இன்னும் பலவற்றிலும், இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி. நம் குடும்பங்களில் சீன மருமகளோ கிறிஸ்தவ மாப்பிள்ளையோ இருப்பது சாதாரணம். எல்லோரும் சேர்ந்து போக வேண்டுமென்றால் கண்ணூர்ப் பக்கம் பறச்சினிக்கடவு முத்தப்பன் கோயிலைப் பாருங்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், தெய்யமும் ஏறக்குறைய நாள்தோறும் உண்டு. கோயிலுக்குள் நாய்கள் தாராளமாகத் திரியும், விரட்டக் கூடாது. முத்தப்பனின் தோழர்கள் அவை.

8. படகு வீடு: நான்கு கேள்வி கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்

ஆலப்புழையில் படகு வீடு பிற்பகல் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை ஒன்பதுக்கு முடியும். இரவெல்லாம் காயல் என்கிற உப்பங்கழியில் மிதக்கலாம் என்று நினைத்தேன். மாலை ஐந்தரை மணியளவில் கரையில் கட்டிவிட்டார்கள். மீனவர்கள் வலை விரிக்கும் நேரம் அது. ஆகவே கேளுங்கள்: எத்தனை மணி நேரம் படகு நகரும்? குளிரூட்டி நாள் முழுவதுமா, இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மட்டுமா? சாப்பாட்டில் மீன் சேருமா, அதற்குத் தனிக் காசா? இரவில் எங்கே கட்டுவீர்கள்? இரண்டு அறைப் படகுக்கு டிசம்பரில் 15,000 ரூபாய் கொடுத்தோம்.

செலவு கட்டாது என்றால் வருந்த வேண்டாம். அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகு ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்குப் போகிறது, சில பத்து ரூபாய்க் கட்டணத்தில், ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். பள்ளிப் பிள்ளைகளும் அரிசி மூட்டையும் கூட வரும். என்னைக் கேட்டால் அதுதான் மேல்.

9. பேச்சும் சாப்பாடும்

தமிழ் பேசினால் பாதி புரிந்துகொள்வார்கள். அந்த மற்றப் பாதிதான் ஆபத்து. 'வெள்ளம் வேணோ?' என்றால் தண்ணீர் வேண்டுமா என்று பொருள். ஜூன் மழையில் அதைக் கேட்ட என் மனைவியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். 'பட்டி' என்றால் நாய். உங்கள் பூர்வீக ஊரின் பெயர் பட்டியில் முடிந்தால் சிரிப்பார்கள். சோறு போடும்போது போதும் என்பதற்கு 'மதி'. ஆணைச் 'சேட்டா' என்றும் பெண்ணைச் 'சேச்சி' என்றும் கூப்பிட்டால் முகம் மலரும். ரயிலில் 'சாயா, சாயா' என்று கூவிக்கொண்டு தேநீர்க்காரர் வந்தபோது, இவர் ஏன் மலாயில் 'நான், நான்' என்கிறார் என்று என் மகள் கேட்டாள்.

சாப்பாட்டு மேசையில் இளஞ்சிவப்பு நிறத் தண்ணீர் வைப்பார்கள். பிள்ளைகள் ரோஜா சிராப் என்று ஆவலாக எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்கள். பதிமுகம் என்கிற மரச்செதில் போட்டுக் காய்ச்சிய வெந்நீர் அது. குடிக்க நல்லது, இனிக்காது. நாம் புட்டு மாயம் என்று சொல்வது அங்கே இடியப்பம்; புட்டு என்று கேட்டால் குழாயில் அவித்த மாவுப் புட்டுதான் கடலைக்கறியோடு வரும். ஊண் என்றால் மதியச் சாப்பாடு. சிவப்பு மட்டை அரிசி பருமனாக இருக்கும். வயதானவர்களுக்கு வெள்ளைச் சோறு உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

10. திரும்பும்போது

செடி, விதை, பச்சைப் பழம் எதையும் பெட்டியில் போடாதீர்கள். இங்கே தாவரச் சோதனையில் சிக்கும். அம்மா மூணாற்றில் ஏலக்காய் நாற்று ஒன்றை வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தார். விடுதிக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தோம், அரை மனதோடு. நேந்திரங்காய் வறுவலுக்கு மட்டும் எடையில் ஐந்து கிலோ ஒதுக்கிவிட்டுப் பெட்டி கட்டுங்கள். விமான நிலையத்தில் வாங்கினால் விலை இரட்டிப்பு. ஊருக்குள் கண்ணெதிரே தேங்காய் எண்ணெயில் பொரித்துத் தருகிற கடையில் வாங்கி, சூடு ஆறிய பிறகுதான் உறையை மூடச் சொல்லுங்கள். சூட்டோடு கட்டியது கோலாலம்பூர் வந்து சேர்வதற்குள் நமத்துப்போகும்.